மூன்று கட்டை

மிஹா,

கடிதத்தைப் பார்த்ததும் சிரித்திருப்பாய், இந்தக் காலத்தில் யார் எழுதுகிறார்கள் என்று. போன மூன்று ஞாயிறும் போன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை. மயாமியில் மணி நம்மைவிட ஒன்று கூடுதல், உனக்கு ஒத்திகை இருக்கும், ரெக்கார்டிங் இருக்கும். நீ அனுப்பிய கட்டைவிரல் படம் வந்தது. "பாருங்க, பதில் போட்டுட்டா" என்று உன் அம்மா அதை எனக்கே இரண்டு தடவை காட்டினாள்.

தண்ணீர் நிறையக் குடி. ஏசி போட்டுத் தூங்கினால் தொண்டை வறண்டுவிடும். கட்டில் பக்கத்தில் ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொள். அம்மா மெஸ்கீட் தேன் ஒரு பாட்டில் பார்சல் போட்டிருக்கிறாள், வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன்.

இங்கே டெக்சாஸில், நம் ஆலிஸில் வெயில் இன்னும் இறங்கவில்லை. கொட்டகைக் கூரையை மாற்றினேன். வேறென்ன. ஆங், உன் புதுப் பாட்டு ஹெச்-ஈ-பி கடையில் ஓடியது. அம்மா அரிசி வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு, பாட்டு முடிகிற வரைக்கும் ஒரே பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். பில் போடுகிற பையனிடம் "என் மகள்" என்றாள். அவன் நம்பவில்லை. வீடு வரும்வரை அதே பேச்சு.

நீ வந்த டிவி நிகழ்ச்சியைப் பார்த்தோம். கடைசியில் நம் பாட்டைப் பாடினாயே, அப்போது இங்கே யாரும் மூச்சு விடவில்லை. பியானோ மட்டும் வைத்து, பாதி வேகத்தில். துள்ளி ஓடுகிற போல்கா நடன மெட்டை அப்படி இழுத்தால் தாங்குமா என்று நினைத்தேன். தாங்கியது. நன்றாகவே இருந்தது, சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டாவது வரியில் எனக்குக் கை பரபரத்து, என் பன்னிரண்டு தந்தி கிட்டாரை, அந்த பாஹோ செஸ்தோவை, மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கூட வாசித்தேன். ஒட்டவில்லை. நம் பாட்டுக்குச் சுருதி ஐந்து கட்டை, அடித்தந்தியில் மூன்றாவது ஃபிரெட், இருட்டில்கூட விரல் தானாகப் போய் உட்கார்கிற இடம். ஒவ்வொரு ஃபிரெட்டாகக் கீழே இறங்கி, கடைசியில் விரலையே எடுத்தேன். வெறும் தந்தியில் வந்து சேர்ந்தது உன் பாட்டு. மூன்று கட்டை. (இப்போது வாசிக்கிற பையன்கள் அந்தத் தந்தியே வேண்டாமென்று பத்துத் தந்தி பாஹோ கின்தோவுக்குப் போய்விட்டார்கள். நான் பன்னிரண்டையும் வைத்திருக்கிறேன்.)

எதற்கு இறக்கினாய் என்று கேட்கவில்லை. பியானோக்காரருக்கு ஏதாவது கணக்கு இருக்கும். தண்ணீர் குடிக்கிறாய் அல்லவா?

பாட்டிலிருந்து அக்கார்டியன் பெட்டியை எடுத்துவிட்டது எனக்கு வருத்தம்தான். உன் அண்ணன் வாய் திறந்து சொல்ல மாட்டான், அவனுக்கும் சேர்த்து நான் சொல்கிறேன். அவர்கள் நினைக்கிற மாதிரி அது கல்யாண வீட்டுத் தோரணம் இல்லை. நீ ஒரு வரி பாடுவாய், பெட்டி பதில் சொல்லும். அது சொல்லி முடிப்பதற்குள் நீ மூச்சு எடுத்து, எச்சில் விழுங்கி, அடுத்த வரிக்குத் தயாராகிவிடுவாய். பெட்டி வாசித்த நர்சிசோ மார்ட்டினஸ் காலத்திலிருந்து நம் ஊர்ப் பாட்டு அப்படித்தான் வளர்ந்தது. நீ இப்போது பாடுகிற பாட்டுகளில் பதில் சொல்ல ஆள் இல்லை. பல்லவியை இழுத்துக்கொண்டே போகிறாய், கடைசியில் சுருதியை அரைக்கட்டை ஏற்றி மறுபடியும் அதையே பாடச் சொல்கிறார்கள். மூச்சு எங்கே எடுக்கிறாய்? அதைத்தான் பாட்டு முழுக்கக் கவனித்துக்கொண்டிருந்தேன், மெட்டையே விட்டுவிட்டேன்.

நம் டெக்சாஸ் பாடகி செலீனா மேலே போனபோது அண்ணன் பாஸ் கிட்டாரோடும் அக்கா டிரம்ஸோடும் கூடவே போனார்கள். 1995 பிப்ரவரியில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் 60,000 பேருக்கு மேல் இருந்த கூட்டத்தில் நானும் உன் அம்மாவும் இருந்தோம். எங்கள் இடத்திலிருந்து அந்தப் பெண் விரல் நகம் அளவுதான் தெரிந்தாள், ஆனால் பின்னால் அதே குடும்பம்தான் நிற்கிறது என்று தெரியும். ஆங்கிலப் பாட்டுகளுக்கு வெளி ஆட்களை வைத்தார்கள் என்று நீ உடனே சொல்வாய். உண்மைதான். அந்த இசைத்தட்டு ஜூலையில் வந்து பில்போர்டு பட்டியலில் முதல் இடத்தில் ஏறியபோது பார்க்க அவள் உயிரோடு இல்லை. அடுத்த செலீனா என்று உன்னை யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே. இந்தப் பக்கத்துப் பெண் எவள் மைக்கைப் பிடித்தாலும் அதையேதான் சொல்கிறார்கள். ஜெனிபர் பென்யாவையும் விடவில்லை. 11 வயதில் அதே ஆஸ்ட்ரோடோமில் செலீனா நினைவு நிகழ்ச்சியில் பாடிய குழந்தை. 2002-ல் 'லிப்ரே' இசைத்தட்டு போட்டு பாப் பக்கம் திரும்பியபோது, "போச்சு, இன்னொன்றும் போச்சு" என்று இதே திண்ணையில் உட்கார்ந்து நான்தான் சொன்னேன். உன் மகளும் போவாள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

போனதில் தப்பில்லை. நம் அக்கார்டியன்காரர் ஃபிளாக்கோ ஹிமெனஸ் 1994-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைத்தட்டுக்கே வாசித்தார், கையில் அதே பொத்தான் பெட்டி. அவர் 2025 ஜூலைக் கடைசியில் இறந்த அன்று உன்னைத்தான் முதலில் கூப்பிட்டேன். சரி, விடு. உன் அண்ணன் கொட்டகையில் உட்கார்ந்து இருட்டுகிற வரை வாசித்தான்.

தூக்கம் முக்கியம். கத்திப் பேசாதே. கிசுகிசு என்றும் பேசாதே, அதுவும் தொண்டைக்குக் கெடுதல் என்கிறார்கள்.

இதுவரை எழுதிவிட்டு வெளியே போய் நாய்க்குச் சோறு வைத்துவிட்டு வந்தேன். படித்துப் பார்த்தால் பெட்டி உனக்கு மூச்சு கொடுத்தது என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். அந்தப் பாட்டுக்கு ஐந்து கட்டை எப்படி வந்தது என்று எழுதவில்லை.

உன் அண்ணனுடையது 'சோல்' பெட்டி. ஐந்து, ஒன்று, நாலு, இந்தக் கட்டைகளில்தான் அது தாராளமாக வாய் திறக்கும். அதனால் ஐந்து வைத்தேன். உனக்கு எது வசதி என்று நான் கேட்டதே இல்லை, மிஹா. ஒன்பது வயதிலிருந்து ஒரு தடவைகூட. உச்சியில் நீ எக்கிப் பிடிக்கிறபோது ஜனம் விசிலடிக்கும், எனக்கு அது போதுமாக இருந்தது. டிவியில் நீ கீழே பாடியது ஒருவேளை யாரோ உன்னைக் கேட்டதால் இருக்கலாம். அப்படி இருந்தால் அந்த ஆள் நல்லா இருக்கட்டும்.

அப்படி இல்லையென்றால், எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வருகிறது. உனக்கு 13 வயது. முதல் செட் முடிந்து வேனில் படுத்திருந்தாய், நெற்றி கொதித்தது. இரண்டு செட்டும் முடித்தால்தான் காசு என்றார் ஹால்காரர். அவர் மேல் பழியைப் போட்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். அவர் உன் அப்பா இல்லையே. எலுமிச்சையைப் பிழிந்து வாயில் ஊற்றி எழுப்பிக் கூட்டிப்போனது நான். அந்த உச்சிச் சுரத்தில் உன் குரல் பட்டென்று விட்டது, வெறும் காற்று வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பாஹோவிலிருந்து கையை எடுத்து மிக்சரில் எக்கோவைக் கூட்டினேன். யாருக்கும் தெரியவில்லை. நீ மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாய்.

அம்மாவிடம் பள்ளிக்கூடத்தில் தொற்றிய காய்ச்சல் என்றேன். இன்றைக்கும் அவளுக்கு அதுதான் தெரியும். மூன்று வாரம் நீ பேசவில்லை, எல்லாம் நோட்டில் எழுதிக் காட்டினாய். அந்த நோட்டு என் மேசை டிராயரில் இருக்கிறது. முதல் பக்கத்தில் பென்சிலில், "அப்பா, சனிக்கிழமை பாடணுமா?" என்று இருக்கிறது. பதில் எழுதவில்லை நான். தலையை ஆட்டினேன்.

ஆமாம் என்றுதான் ஆட்டினேன்.

உன் அண்ணன் 'மி' பெட்டி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறான், மூன்று கட்டைக்கு அதுதான் ஒத்துவரும். சான் அன்டோனியோவில் ஒருவரிடம் பழைய ஹோனர் இருக்கிறதாம், துருத்தியில் ஒரு ஒட்டு, மற்றபடி நல்ல பெட்டி. வாங்குவதற்கு முன்னால் உன்னிடம் கேட்கச் சொன்னான், மூன்று கட்டைதானா, இன்னும் கீழே போகவேண்டுமா என்று. இதற்காவது கூப்பிடு. பேச முடியாத மாதிரி இருந்தால் பேசாதே. நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பு.

அப்பா