கயலுக்கு: பிள்ளை பிறந்த 12 மணி நேரத்துக்குள்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ், அதாவது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி உன் ரத்தத்தில் இருக்கிறது. மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கிறது. சர்க்கரை இல்லை, ஹீமோகுளோபின்கூட இந்த முறை பதினொன்றைத் தாண்டியிருக்கிறது. ஃபோனில் நீ அழ ஆரம்பித்ததும் அம்மாவும் சேர்ந்து அழுதுவிட்டாள், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுபோனது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் மாப்பிள்ளையும் படிப்பார், டாக்டரிடம் போகும்போது கையில் வைத்துக்கொண்டு கேட்கலாம்.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் இரண்டு ஊசி போட்டாக வேண்டும். ஒன்று ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. அது எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்தவுடன் போடுவதுதான். உன் குழந்தைக்கு அதோடு இன்னொன்றும் வேண்டும்: ஹெபடைட்டிஸ் பி இம்யூனோகுளோபுலின். சீட்டில் ஹெச்பிஐஜி என்று எழுதுவார்கள். அளவு அரை மில்லிதான். ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இது. இரண்டையும் ஒரே சிரிஞ்சில் சேர்க்கக் கூடாது.

தடுப்பூசி எந்தப் பிரசவ ஆஸ்பத்திரியிலும் கையிருப்பில் இருக்கும். இந்த இரண்டாவது மருந்தை அப்படி நம்பி இருந்துவிட முடியாது. எப்போதாவது ஒருவருக்குத் தேவைப்படுவது, விலையும் சில ஆயிரம் ரூபாய், அதனால் பல இடங்களில் வாங்கி வைத்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வலி எடுத்து, விடியற்காலையில் குழந்தை பிறந்து, அதற்கப்புறம் மாப்பிள்ளை மருந்துக்கடை மருந்துக்கடையாக அலையும்படி ஆகக் கூடாது. எட்டாம் மாதம் முடிவதற்குள் அந்தச் சின்னக் குப்பி உன் பெயர் எழுதி ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து, ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் பயன்படாது. அரசு ஆஸ்பத்திரி என்றால், 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் உன்னைப் போன்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு இதை இலவசமாகவே கொடுக்க வழி இருக்கிறது. அதையும் விசாரித்து வையுங்கள். நீ தனியார் ஆஸ்பத்திரியையே தேர்ந்தெடுத்தாலும் சரி, குப்பி வந்து சேர்ந்ததா என்று மாப்பிள்ளை நேரில் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். “இருக்கும் சார், கவலைப்படாதீங்க” என்ற பதில் போதாது.

ஏன் இரண்டு ஊசி என்று கேட்டாய். இந்தக் கிருமி பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான், தாயின் ரத்தம் படும்போதுதான் குழந்தைக்குப் போகிறது. தடுப்பூசி போட்டதும் குழந்தையின் உடம்பு தானே ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம், தயாரிக்கத் தொடங்கும், ஆனால் அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். கிருமியோ அன்றைக்கே உள்ளே வந்திருக்கும். இம்யூனோகுளோபுலின் என்பது வேறு மனிதர்கள் உடம்பில் ஏற்கெனவே உருவான ஆன்டிபாடி. ஊசி போட்டதிலிருந்தே வேலை செய்யும். வைரஸின் மேலுறையில் போய் ஒட்டிக்கொண்டு, அது கல்லீரல் செல்லுக்குள் நுழைய முடியாமல் தடுத்துவிடும். நம் வயலில் அறுப்பு வரும்வரை பக்கத்து வீட்டில் கைமாற்றாக நெல் வாங்கிச் சாப்பிடுவோமே, அது மாதிரிதான் இது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைந்துகொண்டே போகும். சில மாதங்களில் தீர்ந்துவிடும், அதற்குள் குழந்தையின் சொந்த விளைச்சல் வந்துவிடும்.

நாய்க்கடிக்குப் போகிறவர்களுக்குக் காயத்தைச் சுற்றி ஒரு ஊசி, கையில் தடுப்பூசி என்று இரண்டு போடுவதைப் பார்த்திருக்கிறாய். காயத்தைச் சுற்றிப் போடுவதும் இதே வகை மருந்துதான். உன் அத்தை மகளுக்கு நெகட்டிவ் ரத்தம் என்று பிரசவத்தின்போது ஆன்டி-டி போட்டார்களே, அதுவும் இதே குடும்பம். எல்லாம் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்து வருவது.

பிளாஸ்மா என்றதும் உனக்குப் பயம். “அடுத்தவங்க ரத்தத்திலிருந்து எடுத்ததை, பிறந்த பிள்ளைக்கா?” என்று சம்பந்தியம்மா கேட்டதாகச் சொன்னாய். நியாயமான கேள்வி. என் வேலைக்காலம் முழுக்க ரத்த வங்கியில் கழிந்ததால் இதை நான் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

கொடையாளர் கொடுத்த பையை குளிர் சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுற்றி வெளியே எடுத்தால், அடியில் கருஞ்சிவப்பாக அணுக்கள் தேங்கியிருக்கும். அதற்கு மேலே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. அதற்கும் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவாக நிற்பது பிளாஸ்மா. முந்தின வேளை பிரியாணி சாப்பிட்டு வந்தவருடையது பால் மாதிரி கலங்கியிருக்கும். பையை எக்ஸ்பிரஸரில் வைத்து மெதுவாக அழுத்தினால் பிளாஸ்மா மட்டும் குழாய் வழியே பக்கத்துப் பைக்கு ஏறும். வெள்ளைக் கோடு குழாய் வாய்க்கு வருவதற்குள் கிளாம்ப் போட்டுவிட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் அணு கலந்துவிடும். அந்த மஞ்சள் நீரில்தான் ஒரு மனிதன் பிறந்ததிலிருந்து சந்தித்த நோய்களுக்கும் போட்டுக்கொண்ட ஊசிகளுக்கும் எதிரான ஆன்டிபாடி எல்லாம் மிதக்கிறது.

ஆனால் ஹெச்பிஐஜி செய்ய யார் பிளாஸ்மாவும் சரிப்படாது. ஹெபடைட்டிஸ் பி-க்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும் ஆட்கள் வேண்டும். பெரும்பாலும் ஆரோக்கியமாக இருப்பவர்கள், அதற்கென்றே தடுப்பூசியும் பூஸ்டரும் போட்டுக்கொண்டு அளவை ஏற்றிக்கொண்டவர்கள். அவர்களிடம் முழு ரத்தம் எடுப்பதில்லை. கையில் ஊசி ஏற்றி எந்திரத்தோடு இணைத்துவிடுவார்கள். எந்திரம் பிளாஸ்மாவை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு சிவப்பணுக்களைத் திருப்பி உடம்புக்கே அனுப்பிவிடும். அமெரிக்காவில் இப்படிக் கொடுப்பவர்களுக்குப் பணம் தருகிறார்கள். நம் நாட்டில் 1998 ஜனவரி முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பதே தடை. பணம் வாங்கினாரோ வாங்கவில்லையோ, ஒருவர் வேலையை விட்டுவிட்டு வந்து, கையை நீட்டிக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்தான் இந்தக் குப்பி. தொழிற்சாலையில் உப்பையும் அமிலத்தையும் கலந்து இதைச் செய்துவிட முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்கள்மேல் பெரிய மரியாதை வருகிறது, இப்போது இன்னும் கூடுதலாக.

சரி, பயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு கொடையையும் ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி மூன்றுக்கும் சோதிப்பார்கள். தேறியதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, குளிர்ந்த ஆல்கஹாலை அளவாகக் கலந்து ஒவ்வொரு புரதமாகப் படிய வைத்துப் பிரிப்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹார்வர்டில் எட்வின் கோன் என்ற விஞ்ஞானி போர்முனைக்கு ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை அனுப்புவதற்காகக் கண்டுபிடித்த முறை, அடிப்படையில் இன்றைக்கும் அதுதான். அப்புறம் கிருமியின் கொழுப்பு உறையைக் கரைக்கும் ரசாயனங்களோடு சேர்த்து வைப்பார்கள். உறை கரைந்தால் ஹெச்ஐவியும் செத்தது, ஹெபடைட்டிஸும் செத்தது. வைரஸே நுழைய முடியாத அளவு நுண்ணிய வடிகட்டி வழியாகவும் பல கம்பெனிகள் அனுப்புகின்றன. இத்தனையும் தாண்டி வந்த அரை மில்லியைப் பற்றி நீ பயப்பட வேண்டாம். ஊசி போட்ட இடம் ஒரு நாள் சிவந்து தடித்திருக்கலாம், அவ்வளவுதான். பிறந்தவுடன் போடும் பிசிஜி, போலியோ சொட்டு எதையும் இதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். தாய்க்கு, கிருமி வேகமாகப் பெருகுவதைக் காட்டும் இ-ஆன்டிஜனும் பாசிட்டிவாக இருந்து ஒன்றுமே செய்யாமல் விட்டால், நூறு குழந்தைகளில் 70 முதல் 90 வரை தொற்றிவிடும். பெரியவர்களுக்கு இந்தக் கிருமி வந்தால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே உடம்பில் தங்கும். பிறந்த குழந்தைக்கு வந்தால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும். இரண்டு ஊசியும் நேரத்துக்குப் போட்டு, மீதித் தடுப்பூசியையும் முடித்துவிட்டால் நூற்றில் தொண்ணூறுக்கு மேல் தப்பிவிடுகிறார்கள்.

இது தைவானில் கண்ணெதிரே நடந்தது. அங்கே பெரியவர்களில் ஆறேழு பேருக்கு ஒருவர் உடம்பில் இந்தக் கிருமி இருந்த காலம். பாமர் பீஸ்லி என்ற அமெரிக்க மருத்துவர் தைபேயில் தங்கி, தைவான் மருத்துவர்களோடு சேர்ந்து, பாசிட்டிவான தாய்மாரின் குழந்தைகளுக்கு ஹெச்பிஐஜி கொடுத்துப் பார்த்தார். அது மட்டும் போட்டபோது ஓரளவுதான் தடுத்தது. தடுப்பூசியும் சேர்ந்த பிறகு நன்றாகவே தடுத்தது. 1984இல் தைவான் அரசு இந்தத் தாய்மாரின் குழந்தைகளிடமிருந்துதான் தடுப்பூசித் திட்டத்தையே தொடங்கியது, இரண்டு வருஷத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் விரித்தது. 1997இல் மெய்-ஹ்வெய் சாங் என்ற குழந்தை மருத்துவரும் அவர் குழுவும் கணக்குப் பார்த்தபோது, ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஒரு தடுப்பூசி புற்றுநோயைக் குறைத்ததை உலகம் முதன்முதலில் எண்ணிப் பார்த்தது அங்கேதான்.

இப்போது உன் உடம்பு. அடுத்த தடவை போகும்போது மூன்று சோதனை கேள்: ஹெச்பிஇஏஜி (மேலே சொன்ன இ-ஆன்டிஜன்தான்), ஹெச்பிவி டிஎன்ஏ அளவு (ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்பது), கல்லீரல் செயல்பாடு. டிஎன்ஏ அளவு மில்லிக்கு இரண்டு லட்சம் யூனிட்டைத் தாண்டியிருந்தால் ஊசிகள் மட்டும் போதாமல் போகலாம். அப்போது ஏழாம் மாத வாக்கில் கிருமியைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரை ஆரம்பிப்பார்கள். கர்ப்பத்தில் கொடுக்கிற மாத்திரைதான் அது, ஆரம்பிக்கச் சொன்னால் தயங்காதே. உனக்கு இது ஐந்தாம் மாதம், எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. பால் தாராளமாகக் கொடுக்கலாம். காம்பில் வெடிப்பு வந்து ரத்தம் கசியாமல் பார்த்துக்கொள், அது போதும். ஊரிலிருந்து யாராவது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தனுப்பினால், டாக்டரைக் கேட்காமல் எதையும் குடிக்காதே.

“எனக்கு எங்கிருந்துப்பா வந்தது?” என்று கேட்டாய். அதைத் தேடிப் போனால் முடிவே இருக்காது. நீ பிறந்த 1996இல் இந்தத் தடுப்பூசி அரசுப் பட்டியலில் இல்லை. நாடு முழுக்க வந்தது 2011 வாக்கில். நீ பிறந்ததோ ஊசிகளைக் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் போட்ட காலம். ஹீமோகுளோபின் குறைவு என்று காலேஜ் முகாமில் உன்னை ஒரு தடவைகூட ரத்தம் கொடுக்க விடவில்லை, அதனால் அப்போதும் தெரியவரவில்லை. முகாமில் கொடுத்துவிட்டுப் போய், பாசிட்டிவ் என்று நாங்கள் தனியாகக் கூப்பிட்டனுப்பிய எத்தனையோ பிள்ளைகளிடம் நான் பேசியிருக்கிறேன். கதவைச் சாத்தியதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “சார், எனக்குக் கல்யாணம் ஆகுமா?” ஆகும் என்று சொல்லி, வீட்டில் எல்லோரையும் சோதிக்கச் சொல்லி அனுப்புவேன். அவர்களிடம் சொன்னதைத்தான் உன்னிடமும் சொல்கிறேன். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. நாட்டில் கோடிக்கணக்கான பேர் இதோடு வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், வயதாகி நிம்மதியாக இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கல்லீரலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், அதை மட்டும் விடாதே.

வீட்டில் தட்டு, டம்ளர் எதையும் தனியாக எடுத்து வைக்க விடாதே. ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, கட்டிப் பிடித்தாலோ, இருமினாலோ இது பரவாது. பிரஷ், நகவெட்டி, பிளேடு மட்டும் தனி. சம்பந்தியம்மா நல்ல மனுஷி, பயத்தில்தான் கேட்கிறார். வேண்டுமானால் நானே அவரிடம் பேசுகிறேன். மாப்பிள்ளையும் அங்கே வீட்டில் இருக்கும் எல்லோரும் ரத்தம் சோதித்து, நெகட்டிவ் என்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும். நானும் அம்மாவும் நேற்றே கொடுத்துவிட்டு வந்தோம், இருவருக்கும் நெகட்டிவ். தம்பியை இந்த வாரம் போகச் சொல்லியிருக்கிறேன்.

குழந்தைக்கு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத்தில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் ஹெபடைட்டிஸ் பி-யும் சேர்ந்தே இருக்கிறது. ஒன்றுகூட நாள் தவறக் கூடாது. காப்பாற்றப்பட்டதா என்று தெரிந்துகொள்ள ஒன்பது மாதத்துக்கு மேல், ஒரு வயதுக்குள் ரத்தம் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் அவசரப்பட்டுப் பார்த்தால், இம்யூனோகுளோபுலினில் வந்த ஆன்டிபாடியே ரிப்போர்ட்டில் தெரிந்து ஏமாற்றிவிடும். ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், ஆன்டிபாடி பத்துக்கு மேல் என்று வந்தால் குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

புனே டிக்கெட் முன்பதிவு திறந்த அன்றைக்கே அம்மாவுக்கு எடுத்துவிடுவேன், ஒன்பதாம் மாதம் பிறக்கும்போது அங்கே இருப்பாள். இ-ஆன்டிஜன் ரிப்போர்ட்டும் டிஎன்ஏ ரிப்போர்ட்டும் வந்ததும் ஃபோட்டோ எடுத்து அனுப்பு. ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு சிஸ்டர் பெயரையும் ஃபோன் நம்பரையும் மாப்பிள்ளையை வாங்கி அனுப்பச் சொல். குப்பி விஷயமாக நான் அவரிடமே ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா