அண்ணி, ஸ்கோக்கிக்கு நீங்களும் வர வேண்டும்

அன்புள்ள அண்ணிக்கு,

கனடாவின் ராக்கி மலைகளுக்குள் இருக்கும் ஸ்கோக்கி லாட்ஜுக்கு நாம் எல்லோரும் பனியில் ஸ்கீ கட்டிச் சறுக்கிப் போகத் திட்டம் போட்டிருக்கிறோமே, அதைப் பற்றி நேற்று ராத்திரி நீங்கள் அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் வந்தா உங்களுக்குத்தான் பாரம்" என்று எழுதியிருந்தீர்கள். போனில் கூப்பிட்டால் நான் கெஞ்ச ஆரம்பிப்பேன், நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள், கடைசியில் ஒன்றும் நடக்காது, அதனால்தான் எழுதுகிறேன். இதே தயக்கத்தோடு வேறு யாராவது இருந்தால் அவர்களும் படிக்கட்டும் என்று எல்லோருக்கும் தெரியும்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் மெதுவாகப் போகிறீர்கள், உண்மைதான். இந்தக் குளிர்காலம் முழுக்க நாம் ஸ்கீயில் பழகியபோது பிள்ளைகள் சர்ரென்று உங்களைத் தாண்டிப் போனார்கள். ஆனால் ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் சட்டை நனைந்து, மூச்சு வாங்கி, நின்றுகொண்டிருந்தார்கள். நீங்கள் அதே நடையில் வந்து சேர்ந்தீர்கள், நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஸ்கோக்கிக்குப் போகிறவருக்கு அந்த நடைதான் வேண்டும். ஏன் என்று என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

நான் முதல் தடவை போனபோது உள்ளே பருத்தி பனியன் போட்டிருந்தேன். லேக் லூயிஸ் பனிச்சறுக்குத் தளத்திலிருந்து லாட்ஜுக்கு 11 கிலோமீட்டர். முதல் பகுதி காட்டுக்குள், காற்று கிடையாது, ஏற்றம், முதுகில் மூட்டை. உற்சாகத்தில் வேகமாக ஏறினேன், மேல்சட்டையைக் கழற்றச் சோம்பல். ஹாஃப்வே ஹட் என்ற பழைய மரக்குடிசைக்கு வரும்போதே முதுகு தொப்பலாக நனைந்துவிட்டது, சந்தோஷமாகத்தான் இருந்தேன். அப்புறம் போல்டர் கணவாய். அதைத் தாண்டினால் மரமே கிடையாது, உறைந்து கிடக்கும் டார்மிகன் ஏரி, அதன் நீளத்துக்கும் காற்று. அன்றைக்கு மைனஸ் 20 டிகிரி. அந்தக் குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 33 மாதிரி. ஈர பனியன் முதுகில் ஐஸ் தகடு போல ஒட்டிக்கொண்டது. விரல் மரத்துப்போய், மேல்சட்டையின் ஜிப்பைப் பிடிக்கிறேன், பிடித்த மாதிரியே தெரியவில்லை, கூட வந்தவர்தான் ஒரு குழந்தைக்குப் போட்டுவிடுவது போல என் சட்டையை மூடிவிட்டார். அந்த நாள் நல்லபடியாக முடிந்தது அவரால்தான்.

அதனால் கிளம்பும்போது கொஞ்சம் குளிர வேண்டும், அண்ணி. பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகிவிடும். சூடு ஏறுகிறது என்று தோன்றிய உடனே ஒரு அடுக்கைக் கழற்றிவிடுங்கள், நிற்கும்போது உடனே போட்டுக்கொள்ளுங்கள், மற்றவர்கள் காத்திருந்தால் காத்திருக்கட்டும். உடம்போடு ஒட்டுகிற சட்டை கம்பளியாக இருக்கட்டும். கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூட்டைக் காக்கும், பருத்தி காக்காது. தண்ணீர் பாட்டிலை மூட்டைக்குள் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேலிருந்துதான் கட்ட ஆரம்பிக்கும், அப்படி வைத்தால் மூடிப் பக்கம் உறையாது. போனை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள், வெளிப்பையில் வைத்தால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும்.

ஸ்கீ பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாம் பழகிய ஒல்லியான ஸ்கீ அங்கே சரிப்படாது, கொஞ்சம் அகலமாக, ஓரத்தில் உலோக விளிம்பு உள்ளது வேண்டும். ஷூவை ஸ்கீயோடு பிணைத்து, குதிகாலை மட்டும் தூக்க விடும் கட்டு அதேதான். அடிப்பக்கத்தில் மீன் செதில் போல வெட்டியிருப்பதை எடுத்துக்கொள்ளலாம், மெழுகு பூசும் தொல்லை இல்லை. செங்குத்தான இடத்தில் அடியில் ஒட்டிக்கொள்ளும் ஸ்கின் பட்டையை மாட்டினால் பின்னால் வழுக்காது. இதெல்லாம் வாடகைக்குக் கிடைக்கும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. பனிச்சரிவு. உங்கள் மனதில் இருப்பது அதுதான் என்று எனக்குத் தெரியும், அண்ணனும் அதைப் பற்றிப் பேசியிருப்பார். மூடி மறைக்கப் போவதில்லை. ஏரிக்கு அப்புறம் ஏறுவது டிசெப்ஷன் கணவாய், சுமார் 2475 மீட்டர் உயரம், பாதையிலேயே உயரமான இடம். பெயருக்கு ஏமாற்று என்று அர்த்தம். உச்சி வந்துவிட்டது என்று நினைப்போம், பின்னால் இன்னொரு மேடு நிற்கும். அந்தக் கணவாயை ஒட்டிய ஃபாசில் மலையில்தான் 1933 ஏப்ரலில் ரேமண்ட் பேலி என்ற இங்கிலாந்துக் கணித அறிஞர் பனிச்சரிவில் இறந்தார். 26 வயது. நார்பர்ட் வீனர் என்ற அமெரிக்கக் கணித அறிஞரோடு சேர்ந்து வேலை செய்ய அமெரிக்கா வந்திருந்தவர். அவர்கள் இருவர் பெயரிலும் இருக்கும் தேற்றத்தை இன்றைக்கும் மாணவர்கள் படிக்கிறார்கள். கூட வந்தவர்கள் கீழே இருக்க, அவர் மட்டும் உயரத்தில் சறுக்கிக்கொண்டிருந்தார். அந்த மலைப்பகுதியில் இருக்கும் பான்ஃப் ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். ஒவ்வொரு முறை அந்த ஏற்றத்தில் கால் வைக்கும்போதும் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

அவர் காலத்தில் இல்லாத சில விஷயங்கள் இன்று நம்மிடம் இருக்கின்றன. தேசியப் பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் அரசு அமைப்பான பார்க்ஸ் கனடா குளிர்காலத்தில் அந்த மலைகளுக்குத் தினமும் பனிச்சரிவு அறிக்கை தருகிறது, ஆபத்தை ஐந்து படிகளாகப் பிரித்து. ஆளுக்கு ஒரு டிரான்சீவர் (பனியில் புதைந்தவர் இருக்கும் இடத்தை ரேடியோ சமிக்ஞையால் காட்டும் சின்னக் கருவி), பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளமான ஆய்வுக்கோல், மண்வாரி. புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் நம்பிக்கை, அதனால் தேடப்போவது நாம்தான், வெளியிலிருந்து ஆள் வர நேரம் இருக்காது. ஆகவே கிளம்புவதற்கு முன் இரண்டு வாரமும் பனிக்குள் டிரான்சீவரைப் புதைத்து வைத்துத் தேடிப் பழகுவோம், நீங்களும்தான். உங்கள் பொறுமைக்கு அந்தத் தேடல் நன்றாக வரும் என்று நினைக்கிறேன். சந்தேகமான சரிவில் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுப் போவோம். அன்றைய அறிக்கை சரியில்லை என்றால் போக மாட்டோம். பகல் ஒரு மணிக்குள் ஏரியைத் தாண்டவில்லை என்றால் திரும்பிவிடுவோம், கட்டிய பணம் போனாலும் போகட்டும். இதை மற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், யாரும் மறுக்கவில்லை. நாம் போவது மார்ச்சில், பகல் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம் இருக்கும், டிசம்பர் கடைசி என்றால் எட்டு மணி நேரம்கூட இருக்காது.

சரி, பயமுறுத்தியது போதும். கணவாய்க்கு அந்தப் பக்கம் இறக்கம், மறுபடி மரங்கள் வர ஆரம்பிக்கும், காற்று திடீரென்று நின்றுவிடும். அந்த நிசப்தத்தில் ஸ்கீ பனியை உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும். லாட்ஜ் கண்ணில் படுவதற்கு முன்பே விறகுப் புகை வாசனை வரும், அந்த வாசனைக்கு நான் கண்கலங்கியிருக்கிறேன். 1931-ல் பனிச்சறுக்கு வருகிறவர்களுக்காகவே கட்டிய மர வீடு, கனடாவில் அப்படி முதலில் வந்தவற்றுள் ஒன்று. இன்றைக்கும் மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, கழிப்பறை வெளியே. அடுப்புப் பக்கத்தில் நனைந்த கையுறைகள் வரிசையாகத் தொங்கும். அதில் உங்களுடையதும் தொங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள், யார் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார்கள் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.

பாரம் என்ற வார்த்தையைத் திரும்பச் சொல்லாதீர்கள். நம் கூட்டத்தில் நீங்கள் முன்னால் போகிறீர்கள், நாங்கள் உங்கள் தடத்தில் உங்கள் வேகத்தில் வருகிறோம், அப்படிப் போனால் பிள்ளைகளும் வியர்க்காமல் வந்து சேருவார்கள். நான் கடைசியில் வருகிறேன். ஐந்து மணி நேரம் ஆகும், ஆறு ஆனாலும் வெளிச்சம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். என்னிடம் இருக்கும் கம்பளி உள்சட்டை இரண்டையும் கொண்டுவருகிறேன், உங்களுக்கு எது சரியாக இருக்கிறது என்று போட்டுப் பாருங்கள். டிரான்சீவரும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்