பார்க்கிங் பெர்மிட் படிவம்: ‘வேண்டாம்’ என்பவர்களும் நேரக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்

லண்டனில் ரயில் நிலையத்தை ஒட்டிய எங்கள் தெருக்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும், மெயின் ரோட்டில் கடை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். நம் தெருக்களில் குறித்த நேரங்களில் பெர்மிட் (கட்டண அனுமதி) உள்ள கார்களை மட்டும் நிறுத்த விடலாமா என்று கேட்டுக் கவுன்சில் அனுப்பிய கருத்துக்கணிப்புப் படிவம் எல்லார் வீட்டுக்கும் வந்திருக்கிறது. அன்றிலிருந்து முன்றலில் கார் நிறுத்த இடமுள்ளவர்களும் இல்லாதவர்களும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. வேண்டும், வேண்டாம் என்ற இந்த இழுபறியில் படிவத்தின் அடுத்த பக்கம் கவனிக்கப்படாமல் கிடக்கிறது. கட்டுப்பாடு எந்த நாட்களில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று அங்கேதான் கேட்கிறார்கள். ‘வேண்டாம்’ என்று அடையாளமிட்டவர்கள் அந்தக் கேள்விகளை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். பிறகு திட்டம் வந்தால், ‘வேண்டும்’ என்றவர்கள் எழுதிய நேரமே தெரு முழுவதற்கும் நேரமாகிவிடும். ஆகவே எதிர்ப்பவர்களும் அந்தப் பக்கத்தை நிரப்புங்கள். ‘பக்கத்துத் தெருவுக்குக் கட்டுப்பாடு வந்தால் உங்கள் பதில் மாறுமா’ என்ற கேள்வி இருந்தால் அதையும் விடாதீர்கள். பக்கத்துத் தெருவில் துரத்தப்படும் கார்கள் நேரே நம் தெருவுக்குத்தான் வரும்.

பெர்மிட்டால் எது நடக்கும், எது நடக்காது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். வெளியார் கார்களை அது தடுக்கும். உங்களுக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கித் தராது. ஒரு பக்கம் 200 மீட்டர் நீளமுள்ள தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் அகலத்தில் வரிசை வீடுகள், பக்கத்துக்கு 40. சந்தி முனையிலிருந்து 10 மீட்டருக்குள் நிறுத்தக்கூடாது என்கிறது சாலை விதி நூலான ஹைவே கோட். இரண்டு முனையிலும் கழித்தால் 180 மீட்டர். அந்தப் பக்கத்தில் பதினைந்து வீடுகளுக்கு டிரைவ்வே, அதாவது முன்றலில் கார் நிறுத்தும் இடம், இருந்தால், கார் ஏறி இறங்கும் சரிவுக் கல்லோடு சேர்த்து ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4.5 மீட்டரை எடுக்கும். மிச்சம் 112 மீட்டர் சொச்சம். ஒரு காருக்கு 5.5 மீட்டர் என்று வைத்தால் 20 கார், இரண்டு பக்கமும் சேர்த்து 40. இடையில் 3 மீட்டர், 4 மீட்டராகத் துண்டுபட்டு நிற்கும் இடங்களைக் கழித்தால் இன்னும் குறையும். டிரைவ்வே இல்லாத வீடுகளோ இரண்டு பக்கமும் சேர்த்து 50. வீட்டுக்கு ஒரு கார் என்றாலே போதாது. அப்பா, அம்மா, வேலைக்குப் போகும் இரு பிள்ளைகள் என்று நான்கு கார் நிற்கும் வீடுகள் நம்மிடையே குறைவில்லை.

எனவே வாக்களிக்குமுன் இரண்டு தடவை கார்களை எண்ணுங்கள். ஒரு வார நாளில் அதிகாலை 5 மணிக்கு ஒருமுறை, அதே நாள் காலை 11 மணிக்கு ஒருமுறை. அதிகாலையில் நிற்பவை பெரும்பாலும் தெருவாசிகளின் கார்கள். லண்டனில் புதுக் கட்டட அனுமதிகளுக்குப் பரவலாகக் கேட்கப்படும் லாம்பெத் முறைக் கணக்கெடுப்பும் இதே காரணத்துக்காகத்தான் நள்ளிரவுக்குப் பின் எடுக்கப்படுகிறது. அதிகாலையில் பாதி காலியாகவும் 11 மணிக்கு நிரம்பியும் இருந்தால், ரயிலேறிப் போகிறவர்கள் விட்டுச் செல்லும் கார்கள்தான் பிரச்சினை; பெர்மிட் அதைத் தீர்க்கும். அதிகாலையிலேயே இடமில்லையென்றால் நெருக்கடி நம்முடைய கார்களால். அதற்குப் பெர்மிட் வாங்கினால் செலவுதான் மிஞ்சும்.

பகல் நெருக்கடி உள்ள தெருக்களுக்கு எங்கள் பரிந்துரை இது: திங்கள் முதல் வெள்ளி வரை, நண்பகலை ஒட்டி ஒரே ஒரு மணி நேரம். காலை 8 மணிக்குக் காரை விட்டுப் பின்னேரம் 6 மணிக்கு எடுப்பவரால் அந்த ஒரு மணியைத் தாண்ட முடியாது. லண்டனின் வெளிப்பகுதி நிலையங்களைச் சுற்றி இந்த ஏற்பாடு நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது. பக்கத்துப் பகுதிக்கு வேறு மணி வைத்தால் அதே அலுவலர்கள் இரண்டையும் நடந்து பார்த்துவிடலாம். திங்கள் முதல் சனி, காலை 8 முதல் மாலை 6.30 என்று நீட்டினால் அடிபடுவது யார் என்று யோசியுங்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் டியூஷனுக்கும் பிள்ளைகளை விடுபவர்கள், முதியவர்களைப் பார்க்க வரும் பராமரிப்பாளர்கள், கடைக்கு மரக்கறி வாங்க வருபவர்கள். செத்த வீட்டுக்கு வருபவர்களிடம் வாசலிலேயே கார் இலக்கம் கேட்டு விசிட்டர் பெர்மிட் போட வேண்டிவரும். இறுதிக் கிரியை நாளுக்கு விதிவிலக்குத் தரும் கவுன்சில்கள் உண்டு. அதை இப்போதே படிவத்தின் கருத்துப் பகுதியில் கேளுங்கள். ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு மணிக் கட்டுப்பாடு உதவாது. வெம்ப்லியில் அதற்காகவே நிகழ்ச்சி நாட்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது.

டிரைவ்வே உள்ளவர்கள் ‘எனக்கென்ன’ என்று இருந்துவிட வேண்டாம். பகுதி முழுவதும் கட்டுப்பாடு வரும்போது, கார் நிறுத்தும் கட்டம் (பே) வரையாத இடங்களில் வழக்கமாக ஒற்றை மஞ்சள் கோடு போடுவார்கள், உங்கள் டிரைவ்வே வாசல் உட்பட. இப்போது இரண்டாவது காரைச் சொந்த வாசலுக்குக் குறுக்கே நிறுத்துகிறீர்கள் அல்லவா? கட்டுப்பாட்டு நேரத்தில் அதற்கும் தண்டம் வரும், பெர்மிட் இருந்தாலும். கட்டுப்பாட்டு நேரம் பகுதியின் நுழைவாயில் பலகையில்தான் இருக்கும். கோட்டுக்குப் பக்கத்தில் பலகை இல்லை என்று வாதாடிப் பயனில்லை.

திட்டம் வந்தால் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில. லாக்புக் எனப்படும் வாகனப் பதிவுப் பத்திரமான வி5சியில் பெயரும் இந்த முகவரியும் கேட்பார்கள். பழைய முகவரியில், தம்பியின் வீட்டில் பதிந்து வைத்திருந்தால் பெர்மிட் கிடைக்காது. வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவில் முகவரி மாற்றுவது இலவசம். மாற்றாமல் விட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதம். மினிகாப் ஓட்டுபவர்கள், கம்பனி வான் வைத்திருப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தையோ வேலையிடக் கடிதத்தையோ தயாராக வைத்திருக்க வேண்டும். அறை வாடகைக்கு இருப்பவர்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் சிக்கல். இப்போது பெரும்பாலான பெர்மிட்டுகள் ஒட்டுத்தாள் அல்ல, கார் இலக்கத்தோடு கணினியில் பதிபவை. விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் தந்த மாற்றுக் காரின் இலக்கத்தை அன்றே பதியாவிட்டால் மறுநாள் ரிக்கற். விசிட்டர் பெர்மிட்டில் ஓ என்ற எழுத்தும் பூச்சியமும் மாறினாலும் அதே கதி. லண்டனில் இந்தத் தண்டம் 160 பவுண்ட் வரை போகும், 14 நாட்களுக்குள் கட்டினால் பாதி. காசு கட்டி நிறுத்தியவருக்கு நேரம் முடிந்தபின் கிடைக்கும் 10 நிமிடச் சலுகை, பெர்மிட்டே இல்லாத காருக்குக் கிடையாது.

பணம் பிடுங்கும் திட்டம் என்று ஆட்சேபம் எழுத விரும்புபவர்கள் அதை ஆதாரத்தோடு எழுதுங்கள். ‘ரோட் டாக்ஸ் கட்டுகிறோமே’ என்பது எடுபடாது. அது அரசின் கருவூலத்துக்குப் போகிறது, கவுன்சிலுக்கு அல்ல. பார்னட் கவுன்சில் பெர்மிட்டை 40 பவுண்டிலிருந்து 100 ஆகவும் விசிட்டர் வவுச்சரை 1 பவுண்டிலிருந்து 4 ஆகவும் உயர்த்தியபோது, வேறு போக்குவரத்துச் செலவுகளுக்குப் பணம் திரட்டுவதற்காக 1984ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் கட்டணத்தை உயர்த்த முடியாது என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணம் எப்படிக் கணக்கிடப்பட்டது, அமலாக்கச் செலவு எவ்வளவு என்று கவுன்சிலிடம் எழுத்தில் கேளுங்கள்.

இப்போது வந்திருப்பது கருத்துக்கணிப்பு மட்டுமே. சட்டப்படியான அறிவித்தல் பின்னர் வரும். மின்கம்பங்களில் ஒட்டுவார்கள், பத்திரிகையிலும் போடுவார்கள். அதிலிருந்து குறைந்தது 21 நாட்கள் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் எழுத்தில், காரணத்தோடு இருக்க வேண்டும். அறிவித்தலில் உள்ள ஆணை இலக்கத்தையும் குறிப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரே கடிதத்தில் நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்பினால் அதை ஒரு மனுவாகவே எண்ணும் கவுன்சில்கள் இருக்கின்றன. உங்கள் வாசலில் எடுத்த கார் எண்ணிக்கையோடு நீங்களே எழுதும் நான்கு வரிக்கு அதைவிட மதிப்பு. சோதனை ஆணை என்று கொண்டுவந்தால் முறை வேறு: முதலில் நடைமுறைக்கு வரும், ஆட்சேபிக்க ஆறு மாதம் இருக்கும், 18 மாதத்துக்கு மேல் அது நீடிக்காது.

பதில்களைத் தெருவாரியாகத்தான் எண்ணுவார்கள். வீட்டு இலக்கமும் தெருப் பெயரும் இல்லாத படிவத்தால் பயனில்லை. இணையத்தில் பதில் அளிப்பதாயிருந்தால் கவுன்சில் கடிதத்தில் அச்சிட்டுள்ள இலக்கம் கையில் இருக்கட்டும். ஆங்கிலப் படிவம் நிரப்பத் தயங்கும் பெரியவர்கள் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால், அவர்கள் உங்களுக்கு எதிராக வாக்களிப்பவர்களாக இருந்தாலும், அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி, கடைசித் திகதிக்குமுன் தபாலில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தெருவாசிகள் சிலர்