அருணின் அப்பா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகன் பரங்கிமலையில் அதிகாரிப் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டான் என்று படித்ததும் மனசு நிறைந்தது. பிள்ளையைப் பிரிந்து தங்கச்சி அழுதபடியே இருக்கிறாள் என்று கொஞ்சம் சலிப்போடு எழுதியிருக்கிறாய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உன் மகன் நினைப்பாகவே இருந்ததால், 1971 போரில் உயிர்விட்ட அருண் கேத்தர்பாலைப் பற்றி மறுபடி எடுத்துப் படித்தேன். அந்த வருஷம் ஜூனில்தான் பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படைப்பிரிவில் இரண்டாம் லெப்டினன்டாகச் சேர்ந்தான். ஆறே மாதத்தில் பாகிஸ்தானோடு போர் வந்துவிட்டது. லாகூரில் கோல்ஃப் ஆடலாம் என்று மட்டைகளையும், ஜெயித்த பிறகு விருந்து நடக்குமே என்று விழா உடுப்பையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போனானாம். வயது 21.

டிசம்பர் 16 அன்று, மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைத் தாண்டி நம் ஆட்கள் பிடித்திருந்த இடத்தை மீட்க பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் திரண்டு வந்தன. அருணின் செஞ்சூரியன் டாங்கி அடிபட்டுத் தீப்பிடித்தது. இறங்கிவிடு என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, டாங்கியை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். கடைசியாக விழுந்த குண்டில் போய்விட்டான். அன்று மாலையே டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் இரவு மேற்கு எல்லையிலும் சண்டை நின்றது. ஒரே ஒரு நாள்டா! எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

போர்க்கள வீரத்துக்கு நம் நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்கரம் கொடுத்தார்கள். அவன் வீரத்தைப் படிக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். ஆனால் என்னைத் தூங்கவிடாதவர் அவன் அப்பா. பிரிகேடியர் எம்.எல். கேத்தர்பால், அவரும் பட்டாளத்துக்காரர். 2001இல், 81 வயதில், தான் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் பிரிகேடியர் நாசர் என்ற ஓய்வுபெற்ற அதிகாரி வீட்டில் தங்கினார். விழுந்து விழுந்து உபசரித்திருக்கிறார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு நாசர் வாயைத் திறந்தார். அன்று எதிரே நின்ற டாங்கியில் இருந்தவர் அவர்தான். அருண் இறந்தது அவர் கையால். அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அதைக் கேட்க அந்தப் பெரியவருக்கு எப்படி இருந்திருக்கும்? முப்பது வருஷம் அதை நெஞ்சில் வைத்திருந்த நாசருக்கும்தான்.

தங்கச்சியை அதட்டாதே. பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்புவது என்றால் என்னவென்று அவளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. பெருமையும் பயமும் சேர்ந்தேதான் இருக்கும். உனக்கும் இருக்கும், நீ எழுதவில்லை.

பயிற்சி நிறைவு அணிவகுப்புக்குத் தேதி சொன்னதும் எழுது. நாங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வருகிறோம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்