வடிகாலைத் தூர்வாரி, இயற்கை நெல் வயல்களில் மருந்துத் தண்ணீர் ஏறாமல் காக்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிடாரி கோயில் மதகுக்குக் கீழே, வடிகாலை ஒட்டி நெல் போடும் ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து எழுதுகிறோம். சென்ற வைகாசியில் ஒரு மனு, ஐப்பசியில் ஒரு மனு கொடுத்தோம். பதில் இல்லை. இடம் உங்களுக்குத் தெரியும். வெள்ளம் வந்தபோது அந்த வரப்பில் நீங்களே நடந்து வந்து பார்த்தீர்கள்.

1. ஐந்து வருடமாக நாங்கள் ரசாயன உரமோ பூச்சிமருந்தோ போடுவதில்லை. பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டைப் பூக்கிற சமயத்தில் மடக்கி உழுகிறோம். ஏக்கருக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், வெல்லம், பயறு மாவு, 200 லிட்டர் தண்ணீர் கலந்து ஜீவாமிர்தம் விடுகிறோம். மண் பொலபொலவென்று ஆகிவிட்டது. உரக்கடைக் கடன் இல்லை.

2. வடிகால் தூர்ந்து, ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கிறது. மேல் வயல்களில் வடியும் தண்ணீர் போக வழியில்லாமல் எங்கள் வயலுக்குள் ஏறுகிறது.

3. கார்த்திகையில் மேல் வயலில் குருணைப் பூச்சிமருந்து போட்டார்கள். அன்றிரவு மழை. விடிந்து போய்ப் பார்த்தால், எங்கள் வயலுக்குத் தண்ணீர் நுழையும் வாய்மடையில் கெண்டைக் குஞ்சுகள் வெள்ளை வயிறு தெரிய மிதக்கின்றன. தவளைச் சத்தமே இல்லை. நண்டு ஒன்று வரப்பேறி வந்து அங்கேயே கிடந்தது. ஐந்து வருடமாகச் சேர்த்த உயிர்கள், ஐயா! பூச்சியைப் பிடித்துத் தின்னும் தவளையும் சிலந்தியும் வயலில் இருப்பதால்தான் நாங்கள் மருந்தில்லாமல் பயிர் செய்கிறோம். அவை போனால் எங்களுக்கு என்ன இருக்கிறது? மேல் வயல் அண்ணன்மேல் குறை சொல்லவில்லை. அவர் தன் பயிரைக் காப்பாற்றினார். வடிகால் திறந்திருந்தால் அந்தத் தண்ணீர் அதன் வழியில் போயிருக்கும்.

4. இயற்கைச் சான்றிதழுக்கு, நெல் போன்ற பயிர்களுக்கு ரசாயனத்தை விட்டுக் காத்திருக்கும் மாறுதல் காலமே 2 ஆண்டு. மருந்தின் எச்சம் தெரிந்தால் மறுபடி முதலில் இருந்துதான் என்று ஆய்வுக்கு வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். சான்று இல்லாவிட்டால் எங்கள் தூயமல்லி என்ற பாரம்பரிய நெல்லும் சாதாரண நெல்லும் வியாபாரிக்கு ஒன்றுதான்.

5. ஒரு அலுவலகத்தில் கேட்டால் இது எங்கள் வாய்க்கால் இல்லை என்கிறார்கள். அடுத்த அலுவலகத்திலும் அதே பதில். அப்புறம் யாருடையதுதான் ஐயா அது? 2023-இல் தமிழ்நாடு அரசே இயற்கை வேளாண்மைக் கொள்கை வெளியிட்டது. அதை நம்பித்தான் எங்களில் நான்கு பேர் பின்னால் சேர்ந்தார்கள். இப்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முந்நூறு மீட்டர் வடிகால். பொக்லைன் இரண்டு நாள் நின்றால் முடிகிற வேலை. அதற்கு எத்தனை மனு கொடுக்க வேண்டும்?

6. மேட்டூரில் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்துவிட்டால் வாய்க்காலில் இறங்க முடியாது. இன்னொரு வருடம் போய்விடும். கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும். தண்ணீர் வருவதற்குள் வடிகாலைத் தூர்வாரித் தாருங்கள். பணத்தில் உதவ முடியாவிட்டாலும், மண்வெட்டியோடு ஒன்பது குடும்பமும் வருகிறோம். எந்தத் துறையின் வேலை இது என்று ஒரு உத்தரவு மட்டுமாவது போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
வடிகாலோர விவசாயிகள்