சுவிச்சுப் பெட்டிக்கு அலுமினியத் துண்டே போதும்

ஆசிரியருக்கு,

கிற்றாரின் ஒலியை மாற்றும் பெடல்களைக் காலால் மாற்றிப் போடும் சுவிச்சுப் பெட்டியைத் தாங்களே கட்டும் இளைஞர்கள் மலையகத்தில் இருக்கிறார்கள். வயர் வேலை அவர்களுக்குக் கைவந்தது, இடறுவது பெட்டியில்தான். வெளிநாட்டு வார்ப்பு அலுமினியப் பெட்டியின் விலையைப் பார்த்துவிட்டு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் மின் இரைச்சலைத் தடுக்காது. பக்கத்தில் ஓடும் 230 வோல்ட் வயரின் முனகல் அப்படியே அம்ப்பில் கேட்கும். பிஸ்கட் டின் முனகலை அடக்கும், மிதி தாங்காது. பழைய சீடி டிரைவின் மேலுறையும் மிதிக்க மிதிக்க உள்வாங்கும், சுவிச்சின் நட்டு இளகும். இரும்புத் தகடென்றால் நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் துளையின் விளிம்பிலிருந்தே துருவும் ஏறும்.

அலுமினிய ஜன்னலும் கடை முகப்பும் செய்யும் இடங்களில் மிஞ்சும் பொக்ஸ் பார் (உள்ளீடற்ற நீள்சதுரக் குழாய்) துண்டுதான் நமக்குக் கைக்கெட்டிய நல்ல பொருள். 4 அங்குல அகலம், 1¾ அங்குல உயரம் உள்ளதைக் கேளுங்கள். நான்கு பெடலுக்கு ஓரடி போதும். சுவிச்சுக்குச் சுவிச்சு 75 மில்லிமீற்றர் விட்டால் இரு ஓரத்திலும் 40 மிஞ்சும். இதைக் குறைத்தால் சப்பாத்துக் கால் இரண்டு சுவிச்சையும் சேர்த்து மிதிக்கும். அடிமுகத்தை, நீளவாக்கில் இருபுறமும் 10 மி.மீ. விளிம்பு விட்டு, கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். கை உள்ளே போக அதுதான் வழி; வேலை முடிந்ததும் தகடு வைத்துத் திருகிவிடலாம். திறந்த இரு முனைகளையும் தகட்டால் அடையுங்கள்.

பின்முகத்தில் 28 மி.மீ. இடைவெளியில் பிளக் செருகும் 10 ஜெக்குகள் வரும்: கிற்றாரிலிருந்து உள்ளே வர ஒன்று, அம்ப்புக்கு வெளியே போக ஒன்று, பெடலுக்கு இரண்டிரண்டு. பிளக் செருகினால் 30 மி.மீற்றருக்கு மேல் உள்ளே நீளும். ஆகவே சுவிச்சு வரிசையை மேல்முகத்தில் முன்விளிம்பிலிருந்து 30 மி.மீ. தள்ளிக் குறியுங்கள். நடுவில் வைத்தால் பிளக்கின் நுனி சுவிச்சுக் கால்களுக்கு மிக அருகில் போய்விடும்.

துளையின் அளவு சுவிச்சுக்கும் மின் சொக்கெட்டுக்கும் 12 மி.மீ., ஜெக்குக்கு 10, பிடியோடு வரும் 5 மி.மீ. எல்.ஈ.டி. விளக்குக்கு 8. சாதாரண ட்ரில் பிட்டால் மெல்லிய தகட்டில் 12 மி.மீ. போட்டால் துளை வட்டமாக வராது, மூன்று மூலை விழும். 4, 6, 8, 10, 12 என்று ஏறும் படி பிட் ஒன்று வாங்கினால் எல்லாத் துளையும் அதிலேயே முடியும். குறித்த புள்ளியில் சென்ரர் பஞ்ச் (கூர்முனை உளி) வைத்து ஒரு தட்டுத் தட்டாவிட்டால் பிட் வழுக்கி ஓடும். முதலில் 3 மி.மீ. துளை, பிறகு படி பிட், ஒரு சொட்டு மண்ணெண்ணெய். சுவர் துளைக்கும் மெசின் என்றால் சுத்தியல் அடியை நிறுத்திவிடுங்கள். உள்ளே மரக்கட்டை செருகி, வைஸிலோ கிளாம்பிலோ இறுக்குங்கள். கையால் பிடிக்கவே வேண்டாம்: பிட் மறுபக்கம் வெளிவரும் கணத்தில் கவ்வி, பெட்டியையே சுழற்றி விரலைக் கிழித்துவிடும். பிசிறைப் பெரிய பிட்டைக் கையால் திருகி நீக்குங்கள். தூள் முழுவதையும் துடைத்த பிறகே வயரைத் தொடுங்கள். ஒரு அலுமினியச் சுருள் போதும், சுவிச்சின் இரு கால்களைத் தவறாக இணைத்துவிட.

அநேகர் கோட்டைவிடுவது அடுத்த இடத்தில். ஜன்னல் அலுமினியத்தின் நிறப்பூச்சு மட்டுமல்ல, வெள்ளி போல மின்னும் அனோடைஸ் படலமும் மின்சாரம் கடத்தாது. ஜெக்கை இறுக்கியும் பெட்டி எர்த்தில் சேராமல் நிற்கும், முனகலும் தொடரும். ஒரு ஜெக் துளையைச் சுற்றி உட்புறத்தில் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை மண்கடதாசியால் தேய்த்து, பல் விளிம்புள்ள வொஷர் வைத்து இறுக்குங்கள். மல்ரிமீற்றரில் பெட்டிக்கும் ஜெக்கின் எர்த்துக்கும் இடையே சுழிய ஓம் அளவில் காட்ட வேண்டும். அலுமினியத்தில் சாதாரண ஈயம் ஒட்டாது. தனி எர்த் வயர் தேவையென்றால் வயர் முனையில் வளையம் போட்டு போல்ட்டால் இறுக்குவதுதான் வழி.

ஒரு பெட்டிக்கு மொத்தம் 19 துளைகள்: சுவிச்சுக்கு 4, எல்.ஈ.டி.க்கு 4, ஜெக்குக்கு 10, மின் சொக்கெட்டுக்கு 1. அவற்றைச் சரியாகப் போட, நிலையாக நிற்கும் பெஞ்ச் ட்ரில் வேண்டும். அது நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் இருக்கிறது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் நிற்க, அதை இந்த இளைஞர்களுக்குத் திறந்துவிடும்படி பொறுப்பானவர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம். அலுமினியக் கடைக்காரர்களும் ஓரடிக்கு மேற்பட்ட துண்டுகளைப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துப் போடுமுன் சில நாள் ஒதுக்கி வைத்தால் பேருதவி.

இப்படிக்கு,
பெடல் கட்டும் வாசகர்கள் சிலர்,
ஹட்டன்