கேபிள் ஓடும் டக்டையும் சேர்த்தே விற்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களை விற்பது பற்றிய தங்கள் தலையங்கம், யார் வாங்குவது, என்ன விலை என்பதோடு நின்றுவிட்டது. எதை விற்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

சிம் விற்பது, பில் போடுவது, வாடிக்கையாளர் சேவை எல்லாம் போட்டியில் விடக்கூடிய வேலைகள். தனியார் நன்றாகவே செய்வார்கள். தெருவுக்கு அடியில் கிடக்கும் டக்ட் குழாய்கள், மேன்ஹோல், கம்பங்கள், தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் கட்டடங்கள் சங்கதி வேறு. ஃபைபர் மலிவு, பணம் போவது பள்ளம் தோண்டி மூடுவதில்தான். அதனால் இரண்டாவது ஆள் தோண்டினால் கட்டுப்படியாகாது. சேவையையும் இந்தக் கட்டமைப்பையும் ஒருவரிடமே கொடுத்தால், போட்டி நிறுவனம் லைன் கேட்டு அவர் வாசலில்தான் நிற்க வேண்டும். முடியாது என்று அவர் சொல்லமாட்டார். ‘டக்டில் இடமில்லை’, ‘கருவிகள் வைக்கும் ரேக்குக்கு மின்சாரம் போதாது’, ‘சர்வே நடக்கிறது’ என்றே மாதங்கள் ஓடும்.

பிரிட்டன் தன் தொலைபேசி நிறுவனத்தை 1984இல் பிரிக்காமலே விற்றது. கட்டமைப்பைக் கவனிக்க ஓபன்ரீச் என்ற தனிப் பிரிவு வர 2006 ஆயிற்று. நியூசிலாந்து விற்றது 1990இல், கட்டமைப்பு நிறுவனமான சோரஸ் பிரிந்தது 2011இல். ஆஸ்திரேலியா தன் தொலைபேசி நிறுவனமான டெல்ஸ்ட்ராவை 1997 முதல் மூன்று தவணையாக விற்றது. பின்னர் அரசின் பிராட்பேண்ட் நிறுவனமே அந்த டக்டுகளுக்கு டெல்ஸ்ட்ராவிடம் வாடகை கட்ட வேண்டியதாயிற்று. அயர்லாந்தின் தொலைபேசி நிறுவனமான ஏர்காமின் கதை இன்னும் மோசம். 1999இல் பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனம் கைமாறிக்கொண்டே போனது. வாங்கியவர்களின் கடன் நிறுவனத்தின் தலையிலேயே ஏறியது. 2012இல் சுமார் 400 கோடி யூரோ கடனோடு நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது.

ஆகவே பிரிப்பு முதலில், விற்பனை பிறகு. போட்டி நிறுவனங்களுக்கு லைன் தரும் மொத்த விற்பனைக் கட்டணத்தையும் டக்ட் வாடகையையும் ஒழுங்குமுறை ஆணையம் முன்பே அறிவித்துவிட வேண்டும். கைமாறிய பின் ஒவ்வொரு திருத்தமும் வழக்காகிவிடும். வரைபடத்தை நம்பி மதிப்புப் போடக் கூடாது. காகிதத்தில் காலியாக இருக்கும் குழாய், ராடு விட்டுப் பார்த்தால் மண்ணடைத்தோ நசுங்கியோ கிடக்கும். எக்ஸ்சேஞ்ச் மனைகளுக்குத் தனி நிபந்தனை தேவை: செம்புக் கேபிள் போய் ஃபைபர் வந்தால் ஒரு மாடி நிறைந்த கருவிகள் சில ரேக்கில் அடங்கிவிடும். வாங்குபவரின் கண் அந்தக் காலி மாடிகள்மேலும் இருக்கும்.

பழுது நீக்கும் கெடுவை நாடு முழுமைக்குமான சராசரியாக எழுதிவிடுகிறார்கள். நகரத்தில் ஒரே நாளில் சரியாகும் ஆயிரம் லைன்கள், மலைக்கிராமத்தில் மூன்று வாரம் செத்துக் கிடக்கும் பத்து லைன்களை மறைத்துவிடும். கெடுவும் அபராதமும் எக்ஸ்சேஞ்ச் வாரியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்